பருவத்தின் கடைசி வாரம்: ஒரு றக்பி கழகத்தின் பத்துத் தோல்விகளும் ஒரு கேடயமும்

1994ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் நான் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் விடுமுறையில் சென்றுவிட்டமையால், சில நாட்களுக்கு அந்தப் பக்கத்தை நிரப்பும் பணி என் தலையில் விழுந்தது. பக்கத்தின் கீழ்மூலையில் நான்கு வரிகளுக்கு இடம் மிஞ்சியிருந்தது. வெளிநாட்டுச் செய்திக் குவியலைப் புரட்டியபோது பிரான்ஸின் றக்பி இறுதிப்போட்டி முடிவு கண்ணில் பட்டது. துலூஸ் 22, மொன்ஃபெரோன் 16. அதனைத் தமிழாக்கி அந்த வெற்றிடத்தை நிரப்பினேன். மொன்ஃபெரோன் எங்கே இருக்கின்றது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் 1999, 2001, 2007, 2008, 2009 என்று ஆண்டுகள் உருண்டன. மே மாதக் கடைசியிலோ ஜூன் மாதத்திலோ அதே கழகம் இறுதிப்போட்டிக்கு வருவதும் தோற்பதும் வழக்கமாயிற்று. 2009இல் தோற்றபோது 'சாபம் தொடர்கிறது' என்று நானே தலைப்பிட்டேன். நல்ல தலைப்பு என்று நண்பர்கள் பாராட்டவும் செய்தார்கள். அந்தத் தலைப்பு தவறானது என்று இப்போது எண்ணுகின்றேன். ஏன் தவறு என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

டயர் நகரத்தின் கழகம்

பிரான்ஸின் நடுப்பகுதியில், அணைந்துபோன எரிமலைகளின் அடிவாரத்தில் அமைந்திருப்பது கிளேர்மோன்-ஃபெரோன் நகரம். 1095ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அர்பன் முதலாவது சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்தது இங்கேதான். கருநிற எரிமலைக் கல்லினால் கட்டப்பட்ட அதன் பேராலயம் தொலைவிலிருந்தே தெரியும். ஒரு காலத்தில் கிளேர்மோன், மொன்ஃபெரோன் என்பன தனித்தனி ஊர்கள். 1630ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் லூயி மன்னனின் அரச கட்டளையினால் அவை ஒன்றாக்கப்பட்டன.

நம்மவர்களுக்கு இந்த நகரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் உற்பத்தி நன்கு தெரியும். 1889இல் அந்திரே, எதுவார் என்ற சகோதரர்கள் இங்கே தொடங்கிய நிறுவனமே மிஷெலின். அந்திரேயின் மகனான மர்செல் மிஷெலின் 1911இல் தொழிலாளர்களுக்கென ஒரு விளையாட்டுக் கழகத்தை நிறுவினார். முதலில் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்த அக்கழகம் பின்னர் மொன்ஃபெரோன் விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. 2004ஆம் ஆண்டிலிருந்து கிளேர்மோன் ஒவேர்ன் என்ற பெயர் வழங்குகின்றது. மஞ்சளும் நீலமும் அதன் நிறங்கள். டயர் தொழிற்சாலைக்குள் வேலை செய்தவனும் அவனுடைய பிள்ளையும் பேரனும் ஒரே மைதானத்தில், ஒரே நிறத்துக்காகக் கரகோஷம் செய்தார்கள்.

மர்செல் மிஷெலினின் முடிவு துயரமானது. ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943இல் அவர் கைது செய்யப்பட்டார். புகென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் 1945இல் உயிரிழந்தார். சுமார் 19 ஆயிரம் பேர் அமரக்கூடிய கழக மைதானம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றது. தமது கழகம் பிரான்ஸின் சம்பியனாகியதை அவர் காணவில்லை. அவர் உயிருடன் இருந்த காலத்தில் அது இரண்டு தடவைகள் இறுதிப்போட்டிக்கு வந்து இரண்டு தடவைகளும் தோற்றது.

கேடயமும் காத்திருப்பும்

பிரான்ஸின் றக்பி சம்பியனுக்குக் கிண்ணம் வழங்கப்படுவதில்லை. மரப்பலகையின் மீது பித்தளைத் தகடு பதித்த ஒரு கேடயமே வழங்கப்படுகின்றது. நவீன ஒலிம்பிக் விழாவின் தந்தை எனப்படும் பியேர் த கூபேர்தன் இதனைச் செய்வித்தார். 1892இல் நடந்த முதலாவது இறுதிப்போட்டிக்கு நடுவராக இருந்தவரும் அவரே. கேடயத்தைச் செதுக்கியவர் சார்ள் பிரென்னஸ் என்ற கைவினைஞர். பண்டைய ரோமாபுரியைச் சூறையாடிய கோல் இனத் தலைவனின் பெயரும் பிரென்னஸ் என்பதால், கேடயத்தின் பெயர் அவனிடமிருந்து வந்ததென்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது கைவினைஞரின் பெயர்தான்.

இந்தக் கேடயத்துக்கான போட்டியில் இன்று 14 அணிகள் பங்குபற்றுகின்றன. ஒவ்வொன்றும் 26 ஆட்டங்கள் ஆடவேண்டும். கோடை முடிவில் தொடங்கும் போட்டி, குளிர்காலத்தைக் கடந்து மறு ஆண்டுக் கோடையின் வாசலில் முடிகின்றது. இடையில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகள், தேசிய அணிக்கான ஆட்டங்கள், காயங்கள். இத்தனையும் கடந்த பின்னர் வெளியேற்றுச் சுற்று வரும். பத்து மாதங்களில் சேர்த்த புள்ளிகள் அனைத்தும் அங்கே செல்லாக்காசு. 80 நிமிட ஆட்டம் ஒன்றில் தோற்றால் வீடு திரும்பவேண்டியதுதான்.

மொன்ஃபெரோன் தோற்ற இறுதிப்போட்டிகளை வரிசைப்படுத்துவோம்.

1936இல் நார்பொன் அணியிடம் 6-3. மறு ஆண்டு வியென் அணியிடம் 13-7. பின்னர் யுத்தம். அதன் பின்னர் நீண்ட மௌனம். 33 ஆண்டுகள் கழித்து, 1970இல் லா வூல்த் அணியிடம் 3-0. றோன் ஆற்றங்கரையில் சில ஆயிரம் மக்கள் மாத்திரமே வாழ்கின்ற சிற்றூர் ஒன்றின் அணி அது. அந்த 80 நிமிடங்களிலும் ஒரேயொரு தடவைதான் புள்ளி பெறப்பட்டது. அதுவும் எதிரணிக்கு. 1978இல் பெசியே அணியிடம் 31-9. 1994, 1999, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் துலூஸ் அணியிடம் முறையே 22-16, 15-11, 34-22. 2007இல் பாரிஸின் ஸ்டாட் பிரான்சே அணியிடம் 23-18. 2008இல் மீண்டும் துலூஸ், 26-20. 2009இல் பெர்பினியோன் அணியிடம் 22-13.

பத்து இறுதிப்போட்டிகள், பத்துத் தோல்விகள். 1936இல் மைதானத்தில் இருந்த பத்து வயதுச் சிறுவன் 2009இல் 83 வயது முதியவர். அவர் தமது வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேடயம் ஊருக்கு வந்ததைக் கண்டிருக்கமாட்டார்.

'சாபம்' என்ற சொல் இங்கேதான் பிறந்தது. ஆனால் பட்டியலை மறுபடி வாசித்துப் பாருங்கள். 1978இல் அவர்களைத் தோற்கடித்த பெசியே 1971இலிருந்து 1978 வரையிலான எட்டுப் பருவங்களில் ஆறு தடவைகள் சம்பியனான அணி. 1994இல் வென்ற துலூஸ் அந்த ஆண்டு தொடங்கி அடுத்தடுத்து நான்கு ஆண்டுகள் கேடயத்தை வைத்திருந்தது. பத்தில் நான்கு தோல்விகள் அந்த ஒரே கழகத்திடம் நேர்ந்தவை. தமது காலத்தின் ஆகச்சிறந்த அணியிடம் சில புள்ளிகளால் தோற்பதற்குச் சாபம் எதற்கு? 1970இல் சிற்றூர் அணியிடம் தோற்றதற்கான காரணமும் 2001இல் துலூஸிடம் தோற்றதற்கான காரணமும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடிய வீரர்கள் வேறு, பயிற்றுநர்கள் வேறு. இடையில் 1995இல் றக்பி விளையாட்டே சம்பளம் பெறுவோரின் தொழிலாக மாறியிருந்தது. இவ்வளவும் மாறிய பின்னரும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் விளக்க முனைந்தது பத்திரிகைக்காரர்களாகிய எங்களுடைய சோம்பல் என்றே சொல்லவேண்டும்.

கொட்டரின் காலம்

2006ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த வேர்ன் கொட்டர் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு அவருடைய நாட்டவரான ஜோ ஷ்மிட் உதவிப் பயிற்றுநராக வந்து சேர்ந்தார். மாற்றம் உடனடியாகவே தெரிந்தது. 2007 மே மாதத்தில் இங்கிலாந்தின் பாத் அணியை 22-16 என்று தோற்கடித்து ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள். 2008இல் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தார்கள். ஆயினும் மூன்று ஆண்டுகளும் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோல்வி.

அணியில் ஒரேலியன் ரூஜெரி என்ற வீரர் இருந்தார். அவருடைய தந்தையும் இதே கழகத்துக்கும் பிரான்ஸுக்கும் ஆடியவர். மகன் தமது தொழில்முறை வாழ்வு முழுவதையும் இங்கேயே கழித்தவர். அவருக்கு இந்தத் தோல்விகள் பத்திரிகையில் வாசிக்கும் செய்தியல்ல, வீட்டுக் கதை.

2010ஆம் ஆண்டும் நல்ல சகுனத்துடன் தொடங்கவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி டப்ளினில் ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி. லென்ஸ்டர் 29, கிளேர்மோன் 28. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அவுஸ்திரேலியரான புறொக் ஜேம்ஸ் பிரான்ஸின் மிகச்சிறந்த உதைவீரர்களுள் ஒருவராகக் கருதப்பட்டவர். அன்று அவருடைய கால் அவரைக் கைவிட்டது. உதை உதையாகத் தவறியது. அவற்றில் ஒன்று கம்பங்களுக்கிடையே சென்றிருந்தால் முடிவு வேறு. மறுநாள் பத்திரிகைகள் பழைய பல்லவியைப் பாடின. பருவத்தின் பிற்பகுதி வந்துவிட்டது, கிளேர்மோன் வழக்கம்போல் வழுக்கத் தொடங்கிவிட்டது என்றன.

உள்நாட்டுப் பட்டியலிலும் அவர்கள் முதலிரண்டு இடங்களுக்குள் வரவில்லை. அதனால் ஏனையோரைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடவேண்டியிருந்தது. ரசிங் மெற்றோ அணியை 21-17 என்று கடந்தார்கள். சென்-எத்தியன் நகரில் நடந்த அரையிறுதியில் துலோன் அணியுடன் மேலதிக நேரம் வரை மல்லுக்கட்டி 35-29 என்று வென்றார்கள். மே 29ஆம் திகதி பாரிஸ் புறநகரின் தேசிய மைதானத்தில் பதினோராவது இறுதிப்போட்டி. எதிரே நின்றது முந்திய ஆண்டு தோற்கடித்த அதே பெர்பினியோன்.

அன்று கிளேர்மோன் 19, பெர்பினியோன் 6. பீஜி வீரர் நப்போலியோனி நலாகா ட்ரை பெற்றார். எதிரணியால் ஒரு ட்ரைகூடப் பெற முடியவில்லை. ரூஜெரி அணித்தலைவராகக் கேடயத்தை உயர்த்தினார். கிளேர்மோனின் மத்தியிலுள்ள ஜோட் சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். 99 ஆண்டுகள் வயதான கழகத்துக்கு அது முதலாவது சம்பியன் பட்டம்.

அந்தச் செய்தியை நானும் எழுதினேன். 'சாபம் நீங்கியது' என்று தலைப்பிட்டேன். முதல் தவறைத் திருத்துவதற்குப் பதிலாக இரண்டாவது தவறைச் செய்தேன்.

மீண்டும் வழுக்கிய ஆண்டுகள்

சாபம் நீங்கியிருந்தால் அதன் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு என்ன விளக்கம்?

2012 ஏப்ரலில் போர்தோ நகரில் ஐரோப்பிய அரையிறுதி. ஆட்டம் முடியும் தறுவாயில் வெஸ்லி ஃபொஃபனா எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டார். பந்தைத் தரையில் அமர்த்தும் கணத்தில் அது கையைவிட்டு நழுவியது. லென்ஸ்டர் 19-15 என்று வென்றது. அப்போது லென்ஸ்டரின் பயிற்றுநராக இருந்தவர் வேறு யாருமல்ல, கிளேர்மோனிலிருந்து சென்ற ஜோ ஷ்மிட்.

2013 மே 18ஆம் திகதி டப்ளினில் ஐரோப்பிய இறுதிப்போட்டி. 15-6 என்று முன்னணியில் இருந்த கிளேர்மோன், துலோனிடம் 16-15 என்று தோற்றது. அந்தக் காயம் ஆறுவதற்கு ஒரு வாரமே கிடைத்தது. உள்நாட்டு அரையிறுதியில் காஸ்ட்ர் அணி 25-9 என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

2014 இன்னும் கசப்பானது. ஏப்ரல் 26ஆம் திகதி லண்டனில் சரசன்ஸ் அணியிடம் 46-6. இரண்டு வாரங்களின் பின்னர், மே 10ஆம் திகதி சொந்த மண்ணில் அதே காஸ்ட்ர் அணியிடம் 22-16. 2009 நவம்பருக்குப் பின்னர் மர்செல் மிஷெலின் மைதானத்தில் எவராலும் அவர்களைத் தோற்கடிக்க முடிந்திருக்கவில்லை. 77 ஆட்டங்கள் நீடித்த அந்த மதில் அன்று இடிந்தது. கொட்டரின் காலமும் அத்துடன் முடிந்தது.

2015இல் இரட்டைத் தோல்வி. மே 2ஆம் திகதி ஐரோப்பிய இறுதிப்போட்டியில் துலோனிடம் 24-18. ஜூன் 13ஆம் திகதி உள்நாட்டு இறுதிப்போட்டியில் ஸ்டாட் பிரான்சேயிடம் 12-6.

2017 மே 13ஆம் திகதி எடின்பரோவில் மூன்றாவது ஐரோப்பிய இறுதிப்போட்டி. சரசன்ஸ் அணியிடம் 28-17. மூன்று வாரங்களின் பின்னர், ஜூன் 4ஆம் திகதி, துலோனை 22-16 என்று தோற்கடித்து இரண்டாவது தடவை பிரான்ஸின் சம்பியனானார்கள். அப்போது பயிற்றுநர் பிராங்க் அசேமா.

இந்த ஐந்து ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மை புலப்பட்டது. 2010, 2013, 2014, 2015, 2017 என்ற ஐந்து பருவங்களிலும் வசந்த காலத்தில் ஐரோப்பியத் தோல்வி ஒன்று ஏற்பட்டது. அடி ஒன்றுதான். ஆனால் அதன் பின்விளைவு ஒன்றல்ல. இரண்டு தடவைகள் அணி எழுந்து நின்று கேடயத்தைக் கொண்டுவந்தது. ஒரு தடவை இறுதிப்போட்டி வரை சென்று வீழ்ந்தது. இரண்டு தடவைகள் உடனேயே சரிந்தது. மனவலிமை இல்லாத அணி என்ற விளக்கம் சரியானால், ஐந்து தடவைகளும் சரிந்திருக்கவேண்டும்.

அதற்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலப்படுகின்ற காரணங்கள் உண்டு. முதலாவது, அவகாசம். 2010இல் தோல்விக்கும் இறுதிப்போட்டிக்கும் இடையில் ஏழு வாரங்கள் இருந்தன. 2013இல் ஒரு வாரம், 2014இல் இரண்டு வாரம். உடலும் மனமும் ஆறுவதற்கு நாட்கள் தேவை. இரண்டாவது, இடம். பருவம் முழுவதும் கிளேர்மோனின் பெரும்பலம் சொந்த மைதானமும் மஞ்சள் படை என்று பெயரெடுத்த அதன் ரசிகர்களும். பிரெஞ்சுச் சம்பியன் போட்டியின் அரையிறுதிகளும் இறுதிப்போட்டியும் பொது மைதானங்களில் நடைபெறுகின்றன. வீட்டில் வீழ்த்த முடியாத அணி, வீட்டுக்கு வெளியே ஏனையோருக்குச் சமமாகிவிடுகின்றது. மூன்றாவது, இரு முனைகளிலும் கடைசி வரை போராடுகின்ற அணி ஏனையோரைவிட அதிக ஆட்டங்கள் ஆடுகின்றது. களைப்பும் காயமும் அதற்கே அதிகம்.

இவற்றில் எதுவும் முழுமையான விளக்கமல்ல. 2014இல் அவர்கள் தோற்றது சொந்த மைதானத்தில்தான். 2015இல் ஆறு வார அவகாசம் கிடைத்தும் வெல்லவில்லை. ஒரு புள்ளியிலோ கைநழுவிய ஒரு பந்திலோ முடிவு மாறுகின்ற ஆட்டங்களில், காரணமே இல்லாமலும் தோற்க நேரிடும் என்பதை வரலாற்றை எழுதுபவன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தோற்பதற்கும் அங்கே போய்ச் சேரவேண்டும்

2019இல் மேலும் ஒரு தடவை இதே கதை. மே 10ஆம் திகதி லா றோஷெல் அணியை 36-16 என்று வென்று ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணத்தைப் பெற்றார்கள். ஜூன் 15ஆம் திகதி உள்நாட்டு இறுதிப்போட்டியில் பழைய பகைவனான துலூஸிடம் 24-18 என்று தோற்றார்கள். ஆக, 14 இறுதிப்போட்டிகளில் இரண்டு வெற்றிகள், 12 தோல்விகள்.

அதன் பின்னர் 2025 வரையில் கிளேர்மோன் உள்நாட்டு இறுதிப்போட்டி ஒன்றுக்கேனும் வரவில்லை. ஜோட் சதுக்கத்தில் மஞ்சள் கொடிகளுடன் கூடி நின்று தோல்வியைப் பார்த்த இரவுகளை இன்று ஏக்கத்துடன் நினைக்கக்கூடிய நிலை அந்த ஊருக்கு ஏற்பட்டிருக்கின்றது. இறுதிப்போட்டியில் தோற்ற ஆண்டுகளே அக்கழகத்தின் சிறந்த ஆண்டுகள் என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிகின்றது. 1938இலிருந்து 1969 வரை அவர்கள் எந்தச் சம்பியன் இறுதிப்போட்டியிலும் தோற்கவில்லை. காரணம், ஒன்றுக்கேனும் தகுதி பெறவில்லை. அந்த 32 ஆண்டுகளைப் பற்றி எவரும் சாபம் என்று எழுதியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தொடர்ந்து தோற்பவனுக்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுவோம். பின்னர் அவனுக்கு நேர்வதையெல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கிவிடுவோம். தலைப்பு எழுதுவது இலகுவாகிவிடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் வெவ்வேறு மனிதர்கள். அவர்களுடைய காயங்கள் வேறு, எதிரிகள் வேறு, தவறுகள் வேறு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்து எழுதுவதே செய்தியாளனின் கடமை. விளையாட்டுப் பக்கத்தில் மாத்திரம் நாங்கள் இந்தத் தவறைச் செய்தோம் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

2009ஆம் ஆண்டுத் தலைப்பை இன்று திருத்தி எழுதச் சொன்னால், 'கிளேர்மோன் பத்தாவது தடவையாக இறுதிப்போட்டியில் ஆடியது. பெர்பினியோன் வென்றது' என்று எழுதுவேன். கவர்ச்சியான தலைப்பு அல்ல. ஆனால் அதில் பொய் இல்லை.